வயலில் பச்சை, அடுப்பில் பூனை

போன கார்த்திகையில் சென்னையிலிருந்து அண்ணன் மகன் வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை. காட்டுக்குள் தனியாளாக இறங்கி, புழுவையும் பூச்சியையும் தின்று உயிர் பிழைத்துக் காட்டுகிற டிவி நிகழ்ச்சி ஒன்று விடாமல் பார்க்கிறவன். வரப்பில் நடக்கும்போது கேட்டான்.

"சித்தப்பா, கடை கண்ணி எதுவும் இல்லாம இங்க ஒரு வாரம் மாட்டிக்கிட்டா என்ன சாப்பிடுவீங்க?"

"ஏன்டா, சுத்திலும் இத்தனை இருக்கே."

சொல்லிவிட்டேன். சம்பா நடவு முடிந்து, பயிர் முழங்கால் தாண்டி நிற்கிற நேரம். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் பச்சை. வாய்க்காலில் தண்ணீர், குளத்தில் அல்லி, வரப்போரம் கீரை. காவிரிக் கடைமடையில் ஒருத்தன் பட்டினி கிடக்க முடியுமா என்றுதான் எனக்கும் அந்த நிமிஷம் தோன்றியது. "அப்ப தேடிப் பார்த்துடலாம்" என்று அவன் பேண்ட்டை மடித்துக்கொண்டான்.

அந்த ஒரு பகல்பொழுது விளையாட்டு என்னைப் பழைய புத்தகங்களுக்குள்ளும், எங்கள் வீட்டுப் பரணுக்குள்ளும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

மூன்று மணி நேரத் தேடல்

இரண்டு பேரும் மூன்று மணி நேரம் சேற்றில் அலைந்தோம். நத்தை ஓட்டோடு ஒன்றரைக் கிலோ தேறியது. நண்டு ஏழு. வாய்க்கால் மடையில் ஊத்தா போட்டதில் உளுவையும் கெண்டையுமாக ஒரு கை மீன். கீரைதான் அதிகம்: ஆரை, வள்ளை, குப்பைக்கீரை, கொஞ்சம் பொன்னாங்கண்ணி. ஓட்டையும் தண்டையும் கழித்துவிட்டு வீட்டுத் தராசில் நிறுத்தோம். நத்தைச் சதை 350 கிராம். ஏழு நண்டிலும் உறிஞ்சி எடுத்தால் 100 கிராம் சதை வரலாம். மீன் 150 கிராம். கீரை 600 கிராம்.

பையன் செல்போனில் கலோரிக் கணக்குப் போடும் செயலி வைத்திருக்கிறான். தட்டிப் பார்த்தான். நத்தையிலும் நண்டிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 90 கலோரி. மீனில் கொஞ்சம் கூட. கீரை 30, 35. எல்லாம் கூட்டினால் 750-ஐத் தொடவில்லை. இரண்டு ஆள் மூன்று மணி நேரம் உளையில் கால் புதைய நடந்ததற்கு எங்கள் உடம்பு செலவழித்தது மட்டும் 1,500-க்கு மேல் என்றது அதே செயலி.

"நஷ்டம் சித்தப்பா. சும்மா படுத்துக் கிடந்திருந்தா இதைவிட அதிக நாள் உயிரோட இருப்போம்."

அந்த 750 கலோரி எவ்வளவு அரிசி தெரியுமா? ஒன்றரை ஆழாக்கு. பத்தாயத்திலிருந்து எடுத்து உலையில் போட ஒரு நிமிஷம் ஆகும்.

கிழங்கு வருகிற மாதம்

தோற்றுப்போன முகத்தோடு நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் வயலில் அறுபது வருஷத்துக்கு மேல் நடவு நட்ட ஆயா அந்தப் பக்கம் வந்தார். எண்பது தாண்டியவர். எத்தனை தடவை வேண்டாம் என்று சொன்னாலும் என்னை "சின்னய்யா" என்றுதான் கூப்பிடுவார். சட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"நத்தைய இப்புடியா அலசுறது? ராவெல்லாம் தண்ணியில கெடக்கணும். மண்ணக் கக்கட்டும். அப்பறம்தான் உப்புப் போட்டுத் தேய்க்கணும்."

"ஆயா, கிழங்கு எதுவும் கிடைக்கலையே. கொட்டிக்கிழங்கு எங்க இருக்கும்?"

"இப்ப ஏது கொட்டி? கோடையில கொளம் வத்தணும். சேறு வெடிக்கிறப்பத் தோண்டுனா வரும். இப்ப அது ஆளு உசரத் தண்ணிக்கு அடியில கெடக்குது."

பேச்சுவாக்கில் சொன்னதுதான். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். வயிறு நிறைகிற பொருள் மாவுச்சத்துதான். எங்கள் பக்கத்தில் விதைக்காமல் கிடைக்கிற மாவுச்சத்து எப்போதெல்லாம் வருகிறது?

கொட்டிக்கிழங்கும் அல்லிக்கிழங்கும் சித்திரை, வைகாசியில் குளம் வற்றும்போது. பனங்கிழங்கு மார்கழி கடைசியில், பொங்கலை ஒட்டி. எலி வளை நெல் தை, மாசி அறுப்புக்குப் பிறகு. வயல் எலி கதிரைக் கத்தரித்து வளைக்குள் அடுக்கி வைக்கும். தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலி பிடிக்கிறவர்களுக்கும், வளையை வெட்டுகிறவர்களுக்கும் அந்த நெல் சொந்தம் என்பது ஊர் வழக்கம். பெரிய வளை ஒன்றில் ஒரு மரக்கால்கூடக் கிடைக்கும். அறுத்த வயலில் கதிர் பொறுக்குவதும் அதே தை மாதம்.

ஆக, எல்லாக் கிழங்கும் எல்லா உதிரி நெல்லும் ஒன்று அறுப்பு வேலை இருக்கிற காலத்தில் வருகிறது, இல்லாவிட்டால் கோடையில் வருகிறது. ஐப்பசியும் கார்த்திகையும் மட்டும் வெறும் கீரையும் நத்தையும். நடவும் களையும் முடிந்து, அறுப்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, அடை மழையில் கூலி வேலையும் கிடையாது. போன தை மாதம் வாங்கிய நெல் எப்போதோ தீர்ந்திருக்கும். வெளியூர்க்காரன் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து "ஆகா, என்ன செழிப்பு" என்று சொல்கிற மாதம்தான் இந்த ஊரின் பசி மாதம். வயலில் பச்சை கட்டி நிற்கும்போதுதான் கூலிக்காரர் வீட்டு அடுப்பில் பூனை தூங்கியிருக்கிறது.

கதவைச் சாத்திய பசி

தமிழுக்கு இது புதுச் செய்தி இல்லை. புறநானூற்றில் கணவனை இழந்த பெண்கள் அல்லியரிசி தின்று காலம் தள்ளுகிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் ஒரு பாணன் வீட்டில் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்புகூட இல்லாமல் வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். அதையும் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று வாசல் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் முன்பின்னான பாட்டு. நத்தை சமைத்த அன்று தெருவில் என்ன குழம்பு என்று கேட்டால் "புளித்தண்ணி" என்று சொல்லுவோம் என்றார் ஆயா. அந்தக் கதவு அவ்வளவு காலமாகச் சாத்தியே இருந்திருக்கிறது. இன்றைக்கு அதே நத்தையை மூல வியாதிக்கு நல்லது என்று காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

கீரை தின்று வயிறு நிறைந்த மாதிரி இருந்தாலும் உடம்பு கரைந்துகொண்டே போகும் என்பதற்கு வெளிநாட்டுக் கதை ஒன்று உண்டு. 1860-ல் ஆஸ்திரேலியாவின் தெற்குக் கரையிலிருந்து வடக்குக் கரை வரை கடந்து பார்க்க பர்க், வில்ஸ் என்ற இருவர் தலைமையில் ஒரு கூட்டம் கிளம்பியது. திரும்பி வரும் வழியில், 1861-ல், கூப்பர் கிரீக் என்ற ஓடைக் கரையில் உணவு தீர்ந்துபோனது. அங்கே வாழ்ந்த யான்ட்ருவாந்தா மக்கள் 'நார்டூ' என்ற நீர்த்தாவரத்தின் விதை போன்ற காய்களை அரைத்துச் சாப்பிடுவதைப் பார்த்து இவர்களும் அரைத்துச் சாப்பிட்டார்கள். வயிறு நிறையத்தான் சாப்பிட்டார்கள். ஆனாலும் கை கால் ஓய்ந்து பர்க், வில்ஸ் இருவருமே செத்துப்போனார்கள். அந்த மக்களோடு போய்ச் சேர்ந்துகொண்ட கிங் என்பவர் மட்டும் பிழைத்தார். நார்டூவில் தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கிற ஒரு பொருள் இருக்கிறது, அதைப் பக்குவம் பண்ணித் தின்னும் முறை அந்த மக்களுக்குத் தெரியும், வந்தவர்களுக்குத் தெரியவில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. நார்டூ நம்ம ஊர் ஆரைக்கீரையின் நேர் பங்காளி. ஒரே பேரினம், அதே நாலு இலை. நாங்கள் அன்றைக்குப் பறித்ததில் பாதி ஆரைதான். நம் ஊரில் ஆரையைக் கீரையாகச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வார்கள், அதையே சோறாக்கிக்கொள்ள மாட்டார்கள். நத்தையை ஒரு ராத்திரி தண்ணீரில் போடுவது, காட்டுச்சேம்பின் அரிப்பைப் புளி விட்டு முறிப்பது, எந்தக் கீரையை எந்த மாதத்தில் தொடக் கூடாது என்று தெரிந்திருப்பது எல்லாம் பசித்தவர்கள் பட்டுப் பட்டுக் கற்றது. பஞ்சத்தை ஒட்டி ஜான் ஷார்ட் என்ற மருத்துவர் சென்னை மாகாணத்து மக்கள் தின்ற காட்டுச் செடிகளுக்கும் கீரைகளுக்கும் ஒரு பட்டியலே எழுதி வெளியிட்டார். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் முதலில் தின்று பார்த்திருக்க வேண்டும்.

கோட்டைக்குள் பசி, வெளியே நெல்

தஞ்சாவூரில் பெரும் பஞ்சம் வந்ததே இல்லை, நெற்களஞ்சியம் ஆச்சே என்று நானே பெருமை அடித்திருக்கிறேன். அது தப்பு. 1781-ல் ஹைதர் அலியின் படை தஞ்சாவூர் நாட்டுக்குள் புகுந்தது. மாடுகள் போயின, வாய்க்கால்கள் உடைந்தன, விதைக்க ஆள் இல்லை. தஞ்சாவூர்க் கோட்டைக்குள் சிப்பாய்களும் ஜனங்களும் தெருவில் விழுந்து செத்தார்கள்.

அப்போது கோட்டையில் இருந்தவர் சுவார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியார். அவருடைய கடிதம் ஒன்றில் ஒரு விஷயம் இருக்கிறது. கோட்டைக்கு வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால் குடியானவர்கள் கொண்டுவந்து தர மறுத்தார்கள். முன்னால் கொடுத்த நெல்லுக்குக் காசு வரவில்லை, அதிகாரிகளை நம்பத் தயாரில்லை. கடைசியில் ராஜா, சுவார்ட்ஸிடம் வந்து நின்றார். நெல்லுக்கு என் கையாலேயே பணம் தருகிறேன், எதிரி பிடித்துக்கொண்டு போகிற மாட்டுக்கும் நானே பொறுப்பு என்று சுவார்ட்ஸ் ஊர் ஊராகக் கடிதம் அனுப்பினார். ஓரிரு நாளில் 1,000 மாடுகளுக்கு மேல் வந்து சேர்ந்தன. கொஞ்ச நாளுக்குள் 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்துவிட்டது.

80,000 கலம்! இன்றைய கணக்கில் கலம் 29 கிலோ என்று வைத்தால் 2,300 டன். இத்தனையும் செத்துக்கொண்டிருந்த ஜனங்களிடமிருந்து நடை தூரத்தில் இருந்திருக்கிறது. நடுவில் அறுந்து கிடந்தது நம்பிக்கை ஒன்றுதான்.

தாது வருஷமும் ஒரு பவுண்டு அரிசியும்

அடுத்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணத்தின் வறண்ட ஜில்லாக்களில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். காவிரித் தண்ணீர் இருந்ததால் தஞ்சாவூர் ஜில்லா அந்தச் சாவிலிருந்து தப்பியது. மற்ற ஜில்லாக்களிலிருந்து ஜனங்கள் நடந்தே இங்கே வந்தார்கள். ஆனால் இங்கேயும் கூலிக்காரருக்கு நெல் எட்டாத விலைக்குப் போனது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லேயே ரயில் வந்தாகிவிட்டது. பஞ்சம் வந்த இடத்துக்கு அரிசியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று சொல்லப்பட்ட அதே ரயில், விலை எங்கே அதிகமோ அங்கே அரிசியை இழுத்துக்கொண்டு போனது. விளைந்த ஊரிலும் விளையாத ஊரிலும் ஒரே பஞ்ச விலை. அதே நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகப் பினாங்குக்கும் மலாயாவுக்கும் ஆட்கள் கூலிகளாகப் போனதும் இந்த நூற்றாண்டின் கதைதான். நெல் விளைகிற ஊரை விட்டுச் சோற்றுக்காகக் கடல் தாண்டினார்கள்.

இந்தப் பஞ்சத்தில்தான் ஓர் ஆள் உயிர் வாழ எத்தனை சோறு வேண்டும் என்று அரசாங்கமே தர்க்கம் பண்ணியது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் அனுப்பிய பஞ்சப் பிரதிநிதியாக ரிச்சர்ட் டெம்பிள் சென்னைக்கு வந்தார். இவர் 1874 பீகார் பஞ்சத்தில் பர்மா அரிசியைத் தாராளமாக இறக்கிச் சாவைத் தடுத்தவர். அதற்கு அதிகச் செலவு பண்ணிவிட்டார் என்று திட்டு வாங்கியவர். அதனாலோ என்னவோ சென்னையில் கையை இறுக்கினார். நிவாரண வேலைக்கு வரும் ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் 454 கிராம். சுமார் 1,600 கலோரி. இதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும்.

மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் கொடுப்பது மெதுவான சாவு என்கிற மாதிரி அவருடைய வாதம். சில மாதம் கழித்து அந்தக் கூலியைச் சென்னை அரசாங்கம் கைவிட்டது. அதற்குள் போன உயிர்கள் போனவைதான். சென்னையில் இருக்கிற நீங்கள் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நடுவே பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டுவீர்களே, அந்தப் பகுதி இந்தப் பஞ்சத்தில் நிவாரணக் கூலிகள் வெட்டியது. அடுத்த தடவை தாண்டும்போது அந்த ஒரு பவுண்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் நோட்டு

இது வரைக்கும் எழுதியது புத்தகத்தில் இருக்கிற சரித்திரம். இனி எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது.

ஆயா பேசியதைக் கேட்ட ராத்திரி, தாத்தாவின் கணக்கு நோட்டுகளை இறக்கிப் பார்த்தேன். 1950-களின் நோட்டு. பூச்சி அரித்தது போக மிச்சம் படிக்க முடிந்தது. தாத்தா ஊரில் நல்ல மனுஷர் என்று பெயர் எடுத்தவர். யாரையும் கை ஓங்கியதில்லை என்று இன்றும் சொல்கிறார்கள். நோட்டில் நாள் கூலி ஆம்பளைக்கு ஒரு மரக்கால் நெல், பொம்பளைக்கு முக்கால் மரக்கால் என்று இருக்கிறது. கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போனால் ஒன்றே முக்கால் மரக்கால், நாலு கிலோவுக்குச் சற்று மேல் நெல். குத்தினால் இரண்டே முக்கால் கிலோ அரிசி. ஐந்து பேர் குடும்பத்துக்கு ஆளுக்கு 1,900 கலோரி வரும். உப்பு, மிளகாய், துணி எல்லாம் அதிலிருந்துதான். இழுத்துப் பிடித்தால் ஓடும்.

ஆனால் அது வேலை இருக்கிற நாளுக்கு. ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களில் கூலிப் பத்தி காலியாக இருக்கிறது. அதற்குப் பதிலாக வேறொரு பத்தி. 'கடன் நெல்.' ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு கலம், அரைக் கலம். தை மாதம் திருப்பிக் கொடுத்த கணக்கு: ஒன்றுக்கு ஒன்றரை.

பையன் போனை எடுத்தான். ஒரு கலம் நெல் என்பது 19 கிலோ அரிசி. ஐந்து பேருக்கு வயிறாரச் சாப்பிட்டால் ஏழு நாள். கஞ்சியாகக் காய்ச்சி இழுத்தால் இரண்டு வாரம். வட்டியான அரைக் கலம்? மூன்று, நாலு நாள் சோறு. மூன்று மாதத்துக்கு அது வட்டி.

"தாத்தா கடன் குடுக்கலேன்னா?" என்று கேட்டான்.

"கீரை. நத்தை."

"குடுத்ததால அடுத்த ஐப்பசிக்கு இன்னும் மூணு நாள் முன்னாடியே நெல் தீர்ந்துடும் இல்ல?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ஆயாவின் அப்பா பெயர் அந்த நோட்டில் நாலு வருஷம் வருகிறது.

சின்ன வயதில் அந்த நோட்டைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்து அழகாக இருக்கும் என்று மட்டும் ஞாபகம். எங்கள் பத்தாயம் நடுக்கூடத்தில் தேக்கு மரத்தில் நிற்கும். அடியில் இருக்கிற சின்ன வாய்க் கதவைத் திறந்தால் நெல் சரசரவென்று கொட்டும். அதன் சாவி பாட்டியின் இடுப்பில். ஐப்பசி அடைமழையில் எங்கள் வீட்டில் யாரும் கீரை தேடி வரப்புக்குப் போனதில்லை.

1943 வங்காளப் பஞ்சத்தைச் சின்னப் பையனாகக் கண்ணால் பார்த்தவர் அமர்த்தியா சென். 1981-ல் ஒரு புத்தகம் எழுதினார். சோறு இல்லாமல் பஞ்சம் வருவதைவிட, இருக்கிற சோற்றை வாங்க உரிமையும் காசும் இல்லாமல் பஞ்சம் வருவதுதான் அதிகம் என்பது அவர் வாதம். படித்தபோது தலையாட்டிவிட்டு மூடி வைத்தேன். அது எங்கள் நடுக்கூடத்தைப் பற்றிய புத்தகம் என்பது அப்போது உறைக்கவில்லை.

அரைப்படி

இந்தக் கணக்கு தெரிந்தால்தான் அரைப்படி என்கிற சொல்லின் எடை தெரியும். 1952-ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்படியும் கூலிச் சண்டை ஓயவில்லை. செங்கொடிச் சங்கம் வளர்ந்தது. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் அடைபட்டு 44 பேர் எரிந்துபோனார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். மார்கழி மாதம். அறுப்பு தொடங்குகிற காலம். அடுத்த வருஷம் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 'அரைப்படிக்காகவா' என்று கேட்கிறவர்கள் உண்டு. அரைப்படி நெல் ஒரு குழந்தையின் ஒரு நாள் சாப்பாடு.

பசி மாதங்களை உடைத்தது காடும் வயலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் போட்ட சோறு: 1956-ல் காமராஜர் ஆட்சியில் தொடங்கி, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிந்தது. அப்புறம் ரேஷன் கடை. 2011 முதல் அரிசி அட்டைக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 'இலவசம் கொடுத்துச் சோம்பேறி ஆக்கிட்டாங்க, வேலைக்கு ஆள் வரமாட்டேங்குது' என்று புலம்புகிற விவசாயிகளில் நானும் ஒருத்தன். வாயை மூடிக்கொள்ள எனக்கு அந்த நோட்டு தேவைப்பட்டது.

ஏழு நண்டு

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. ஆயா எங்கள் சட்டியைப் பார்த்து இன்னொன்றும் கேட்டார்.

"மூணு மணி நேரத்துக்கு ஏழு நண்டுதானா? நாங்க கூடை ரொப்புவோமே."

அது என் வேலை. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது, ஐஆர்8 வந்தது. விளைச்சல் கூடியது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ரேஷன் அரிசி வானத்திலிருந்து வரவில்லை. ஆனால் கூடவே குருணை மருந்தும் வந்தது. தண்டுத் துளைப்பானுக்குப் போட்ட மருந்தில் நண்டு வளைக்குள்ளேயே செத்து நாறும். நாற்றங்காலில் நண்டு வெட்டுகிறது என்று அதற்கென்றே தனியாக விஷம் வைத்ததும் உண்டு. களைக்கொல்லி அடித்த வரப்பில் ஆரையும் இல்லை, குப்பைக்கீரையும் இல்லை. குளத்தில் ஆகாயத்தாமரை மூடி, கொட்டிக்கொடியைக் காணோம். எங்கள் ஊரில் நாலு குளத்தில் ஒன்றில்தான் இன்னும் கிழங்கு இருக்கிறது என்று ஆயா சொல்கிறார்.

1952 நவம்பர் 30-ல் பெரும் புயல் நாகப்பட்டினத்துப் பக்கம் கரை ஏறியபோது ஆயா பாவாடை கட்டிய பிள்ளை. குடிசை போனது. தண்ணீர் வடிகிற வரைக்கும் வாய்க்கால் மீனும் நண்டும் வள்ளைக்கீரையும்தான் என்கிறார். 1977 நவம்பர் 12 புயலிலும் ஏறக்குறைய அப்படித்தான். 2018 நவம்பர் 16 கஜா புயல். எங்கள் பக்கம் தென்னை எல்லாம் சாய்ந்து, கரண்டும் ரோடும் பல நாள் இல்லை. அந்த நாட்களில் நாங்கள் யாரும் வாய்க்காலைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம், அரிசி மூட்டையோடு லாரி வருமா என்று. இந்த மூன்று புயலின் தேதியையும் பாருங்கள். மூன்றும் ஐப்பசி, கார்த்திகை. அதே பசி மாதம்.

நத்தையும் கீரையும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றாது என்று மேலே நானே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். சோற்றுக்கு அது ஈடு இல்லை. ஆனால் நெல் கைக்கு வருகிற வரைக்கும் உப்பும் சத்துமாக ஆட்களை நிற்க வைத்த கைத்தடி அது. பத்தாயச் சாவி இல்லாதவர்களுக்கு இருந்த ஒரே சொத்தும் அதுதான். சாவியையும் நாங்கள் வைத்துக்கொண்டோம், கைத்தடியையும் மருந்தடித்து ஒடித்தோம்.

இந்த சம்பாவில் குளத்தை ஒட்டிய முக்கால் ஏக்கரில் குருணையும் போடவில்லை, களைக்கொல்லியும் அடிக்கவில்லை. களை எடுக்க ஆள் கூலி கையைக் கடித்தது. நண்டு வெட்டிப் பத்து, பதினைந்து குத்து போனது. விளைச்சல் குறையும், தெரிந்தேதான் விட்டேன். பெரிய தியாகம் எல்லாம் இல்லை, மிச்ச வயலில் பழைய மாதிரிதான் செய்கிறேன்.

ஊருக்குக் கிளம்பும்போது பையன் கேட்டான்: "அந்த நோட்டை என்ன பண்ணப் போறீங்க சித்தப்பா?"

ஆயாவிடம் காட்டினேன். எழுத்து தெரியாது அவருக்கு. அப்பா பெயர் எந்த இடம் என்று கேட்டு, அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, "ஒன்றரைக் கலமும் குடுத்துட்டாருல்ல, பாக்கி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

பாக்கி இல்லை ஆயா என்றேன். நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.